பூட்டிக்கொண்ட எழுபத்தொரு கல்யாணங்கள்

சுயம்புலிங்கத்தின் கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்ட வெள்ளிக்கிழமை காலையில், செம்மணல்விளையில் எழுபத்தொரு பெண்கள் தூங்கி எழுந்து பார்த்தபோது கழுத்தில் தாலி இல்லை. களவு போயிருக்கவில்லை. அவரவர் வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால், ஒரு தாம்பாளத்தில், மஞ்சள் பூசிய தேங்காயின் மேல், சுற்றிலும் அட்சதை கிடக்க, இப்போதுதான் சபைக்குக் கொண்டுபோய் எல்லாரும் தொட்டுக் கும்பிடப் போகிறார்கள் என்பதுபோல, கட்டப்படாத தாலியாக அது காத்திருந்தது. கால்விரலில் கிடந்த மெட்டிகள் நகைக்கடைக்காரர் கொடுத்த சின்ன டப்பாவுக்குள் திரும்பப் போயிருந்தன. காதுகுத்து முடிந்த பதினான்கு பிள்ளைகளின் காதுமடல் துளை தூர்ந்து, அன்று பிறந்ததுபோல வழுவழுவென்று இருந்தது. பிள்ளைகளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

ஊர் முதலில் அடுப்பைப் பற்றவைத்துக் காப்பி போட்டது. பிறகு காம்பவுண்டு சுவருக்கு மேலே தலைகள் தெரிந்தன. உனக்குமா, எனக்கும்தான், உன் மைனிக்கு, அவளுக்கு இல்லை, அவளுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகுதே என்று பேச்சு தெருத்தெருவாகப் போய், ரேஷன் கடை வரிசையில் வந்து கூடியது. ஜாதகம் பார்த்தவர் வேறு வேறு, தாலி செய்த ஆசாரி வேறு வேறு, மண்டபம்கூட வேறு வேறு; எழுபத்தொரு கல்யாணத்துக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மாவு மில்லை ஒட்டி இருந்த சுயம்பு வீடியோஸ். ஒன்பது மணிக்கெல்லாம் ஊர் அங்கே வந்து நின்றது. சுயம்பு அப்போதுதான் ஷட்டரைத் தூக்கி, கம்ப்யூட்டரைப் போட்டு, திரையில் கல்யாண ஃபைல்கள் எல்லாம் திறக்க முடியாத வெள்ளைக் காகிதங்களாக மாறிக் கிடப்பதையும் நடுவில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் இருப்பதையும் பார்த்து, நாற்காலியில் உட்காரவும் மறந்து நின்றுகொண்டிருந்தான்.

இந்தச் சுயம்புலிங்கம் கெட்டவன் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால், சொந்தமாகக் கடை போட்ட புதிதில், வீடியோ வெட்டி ஒட்டுகிற சாஃப்ட்வேருக்கு வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும் என்று கேள்விப்பட்டு அவன் மலைத்துப்போய் இருந்த நேரத்தில், திருநெல்வேலியில் இதே தொழில் செய்த சிநேகிதன் ஒருவன், பூட்டு உடைத்த சாஃப்ட்வேர் ஒன்றை பென்டிரைவில் போட்டு, இனிப்புப் பொட்டலம் கொடுப்பதுபோலக் கொடுத்தான். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. அதில் மூன்று கட்டளைகள் இருந்தன. ஏற்றுவதற்கு முன்னால் வைரஸ் காவலை நிறுத்திவிட வேண்டும். ஏற்றிய பிறகு இந்த மெஷினுக்கு இன்டர்நெட் கொடுக்கவே கூடாது. புதுப்பிக்கச் சொல்லி அது எவ்வளவு கெஞ்சினாலும் சரி என்று சொல்லிவிடக் கூடாது. வாசலில் நிற்கிற காவல்காரனை டீ குடிக்க அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவேன் என்று ஒரு விருந்தாளி சொன்னால் அவனை யாராவது உள்ளே விடுவார்களா என்று சுயம்பு யோசிக்கவில்லை. அவன் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தாமரைதான்.

தாமரை என்றால் சும்மா தாமரை இல்லை. மொட்டாக இருந்து மெல்ல விரியும், உள்ளே மணப்பெண் உட்கார்ந்திருப்பாள். மயில் ஒன்று பறந்து வரும், தோகையை விரித்தால் கண்ணுக்குக் கண் மாப்பிள்ளையின் முகம் தெரியும். ஆகாயத்திலிருந்து இதயம் இதயமாகப் பொழியும், சுவிட்சர்லாந்து மலையின் மேல் மாமனாரும் மாமியாரும் கைகூப்பி நிற்பார்கள். தேரிக்காட்டின் செம்மண் புழுதி லென்ஸில் படிந்து எல்லார் முகத்தையும் காவியாக்கிவிடுகிற ஊரில், அந்த சாஃப்ட்வேர் ஒரே அழுத்தில் எல்லாரையும் ரோஜா நிறமாக்கியது. ஊரில் எந்தக் கல்யாணம் என்றாலும் சுயம்புவைத்தான் தேடி வந்தார்கள். தினமும் காலையில் திறக்கும்போது மட்டும், யாரோ ஒரு வெளிநாட்டுக்காரனின் வாயில் நுழையாத பெயரைச் சொல்லி அது அவனை வரவேற்கும். முதல் வாரம் கூச்சமாக இருந்தது. அப்புறம் அந்தப் பெயரும் தன்னுடையதுதான் என்பதுபோலப் பழகிவிட்டது.

மூன்று கட்டளைகளையும் ஆறு வருஷம் விரதம்போலக் காத்தவன் தவறியது வியாழக்கிழமை சாயங்காலம். அன்று நடந்த கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அண்ணன் மஸ்கட்டிலிருந்து லீவு கிடைக்காமல் வர முடியாமல் போய்விட்டது. தம்பி தாலி கட்டுவதை இன்றைக்கே பார்த்தாக வேண்டும் என்று போனில் அழுதுவிட்டார். பென்டிரைவில் ஏற்றி வேறு மெஷினுக்குக் கொண்டுபோக நேரம் இல்லை. பத்தே நிமிஷம்தானே என்று சுயம்பு தன் செல்போனிலிருந்து இன்டர்நெட்டைத் திறந்துவிட்டான். மஸ்கட்டில் அண்ணன் பார்த்துவிட்டுக் கும்பிட்டார். அந்தப் பத்து நிமிஷத்தில் வேறு யாரோகூட உள்ளே வந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

கூட்டத்துக்கு நடுவில் சுயம்பு நின்றிருந்தபோது அவனுடைய வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டது. அவன் மனைவி கனகமணியின் கழுத்தில் தாலி இருந்தது. அவர்களுடைய கல்யாணம் நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது, அதை வெட்டி ஒட்டியவர் வேறு யாரோ. ஆனால் அவள் கை இரண்டும் வெறுமையாக இருந்தன. ஏழாம் மாசத்தில் நடந்த வளைகாப்பில் ஊர்ப் பெண்கள் போட்டுவிட்ட பச்சையும் சிவப்புமான கண்ணாடி வளையல்கள் தாம்பாளத்தில், நூல்கூடப் பிரிக்காமல், கொத்துக்கொத்தாகக் கிடந்தன. அவள் வயிறு, அடுத்த வாரம் பிரசவம் என்று டாக்டர் நாள் குறித்திருந்த நிறைமாத வயிறு, ஒரே ராத்திரியில் ஏழாம் மாசத்து வயிறாக உள்வாங்கியிருந்தது.

கனகமணி அழவில்லை. அவன் கையைப் பிடித்து வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளே பிள்ளை உதைத்தது, ஆனால் சின்னக் காலால் உதைத்தது. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் அவர்களுக்கு ஏழாம் மாசத்தைத் தாண்டாமலே போயிருந்தன. மூன்றாவது தாண்டிவிட்டது என்று இரண்டு மாசமாக நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்த இருவரும், இப்போது அதே வரப்பின் மேல் திரும்பவும் வந்து நின்றார்கள்.  தான் வெட்டி ஒட்டிய தன் பிள்ளையின் வளைகாப்பும் அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கிறது என்பது சுயம்புவுக்கு அப்போதுதான் உறைத்தது.

சுகாதார நிலையத்து நர்ஸ் ஸ்டெல்லா வந்து நாடாவால் அளந்தார். கர்ப்பிணி அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, போன வாரம் பேனாவால் எழுதியிருந்ததற்குக் கீழே, பென்சிலால் முப்பது வாரம் என்று எழுதினார். அதற்கடுத்த வாரமும் வந்தார், அதே முப்பதை எழுதினார். பிள்ளை நல்லாத்தான் இருக்கு, வளரத்தான் மாட்டேங்கு என்று சொல்லிவிட்டுப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

ஊர் இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொண்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆங்கிலக் கடிதத்தைப் பள்ளிக்கூடத்து ஆங்கில ஆசிரியர் வந்து படித்தார். பணம் அனுப்பினால் சாவி அனுப்புவதாகச் சொல்கிறான், இரண்டு இடத்தில் இலக்கணப் பிழை விட்டிருக்கிறான், ஆனாலும் மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறான் என்றார். ஊர் கூடிப் பேசி, கலெக்டருக்கு எழுதுவதுபோல ஒரு மனு எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, தாலி விஷயம் ஐயா, தாங்களும் பிள்ளைகுட்டிக்காரராக இருப்பீர்கள், சாவியை அனுப்பினால் அடுத்த கோயில் கொடைக்குத் தங்களைக் குடும்பத்தோடு அழைத்துக் கௌரவிப்போம் என்று அனுப்பியது. மறுநாள் பதில் வந்தது. கேட்ட தொகையை அவன் இரண்டு மடங்காக்கியிருந்தான். கொடைக்கு வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மறுபடி தாலி கட்டிவிட்டால் போகிறது என்று ஒரு குடும்பம் அவசரமாக நாதஸ்வரம் வைத்துக் கட்டியும் பார்த்தது. அடுத்த நாள் காலையில் தாலி பழையபடி தேங்காயின் மேல் இருந்தது. ஆகவே பெரிய மனுஷர்கள் யோசித்து, கல்யாணத்துக்கு முந்தைய நாள் எப்படியோ அப்படியே எல்லாரும் இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். ஊரில் இருந்த மாப்பிள்ளைகள் எல்லாரும் பாய் தலையணையோடு கல்யாண மண்டபத்துக்குக் குடிபோனார்கள். பிறந்த பிள்ளைகள் பிறந்தபடியே இருந்தன, பள்ளிக்கூடம் போகிற வழியில் மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்து அப்பாவுக்கு டாட்டா காட்டின. சாம்பாரில் உப்பு போட ஆள் ஆளுக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைகள், நான்காவது நாளிலிருந்து சாயங்காலமானால் முகம் கழுவி, தலை சீவி, கையில் மல்லிகைப்பூவோடு தங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று, உள்ளே வரலாமா என்று கேட்கத் தொடங்கினார்கள். சில பெண்கள் உடனே கதவைத் திறக்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு முழம் பூ வாங்கி வராதவர் இன்னும் நாலு நாள் நிற்கட்டும் என்று சீரியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாமியார் மட்டும் சந்தடி சாக்கில் சீர்வரிசையைப் புதிதாகப் பேசலாமா என்று ஆரம்பிக்க, பந்தியில் சாப்பிட்டவர்கள் சாப்பிட்டது சாப்பிட்டதுதான் என்று ஊரே அவர் வாயை அடைத்தது.

யாரும் சுயம்புவை அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடைக்கு வருகிற ஒவ்வொருவரும், என்னண்ணாச்சி, ஏதாவது தெரிஞ்சுதா என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

ஆறாம் நாள் அருளப்பன் வந்தான். சுயம்புவிடம் கேமரா பிடிக்கிறவன்; மெமரி கார்டு வாங்கி அனுப்பினால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒன்றைக் கெட்டுப்போச்சு என்று சொல்லிப் புதிதாகக் கேட்கிறவன்; அவன் பேச்சை நம்பிச் சுயம்பு ஆறு வருஷமாகக் கார்டு கம்பெனிக்காரனை வாய்க்கு வந்தபடி வைதிருக்கிறான். அருளப்பன் கையில் ஒரு பழைய ரொட்டி டின் இருந்தது. சீர்த்தட்டு வைப்பதுபோல அதை மேஜையில் வைத்து மூடியைத் திறந்தான். உள்ளே எழுபத்தொரு கார்டு, ஒவ்வொன்றும் மஞ்சள் தடவிய காகிதத்தில் மடித்து, மேலே பெண் மாப்பிள்ளை பெயரும் தேதியும் எழுதி.

"திட்டாதீங்கண்ணாச்சி. தாலி கட்டுன கார்டை அழிக்கதுக்கு எனக்குக் கை வரல. அழிச்சா அதுகளுக்கு ஏதாவது ஆயிருமோன்னு பயம். அதான் கெட்டுப்போச்சுன்னு சொன்னேன்."

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற அருளப்பன், இந்த விஷயத்தில் எந்தப் பாதிரியாரையும் கேட்டதில்லை, தானாகவே பயந்து தானாகவே சேர்த்து வைத்திருந்தான். சுயம்பு எழுந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். ஆறு வருஷமாக வைத வசவையெல்லாம் கார்டு கம்பெனிக்காரனிடமிருந்து மனசுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டான்.

அன்றே சுயம்பு, மேலே பறந்து படம் பிடிக்கிற தன் ஹெலிகேமைத் தூத்துக்குடியில் விற்றான். பூட்டிய டிஸ்க்கைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்துவிட்டு, புது டிஸ்க் போட்டு, முறையாகப் பணம் கட்டி சாஃப்ட்வேரை வாங்கி ஏற்றினான். காவல்காரனை நிறுத்தச் சொல்லி அது கேட்கவில்லை. உங்கள் பெயர் என்ன என்றுதான் கேட்டது. சுயம்புலிங்கம் என்று ஒவ்வொரு எழுத்தாக அடிக்கும்போது, ஆறு வருஷம் யாரோ ஒருவனாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

யாருடைய கல்யாணத்தை முதலில் மறுபடி வெட்டி ஒட்டுவது என்று மண்டபத்தில் சீட்டுக் குலுக்கி வரிசை போட்டார்கள். சீட்டில் தன் வளைகாப்பின் பெயரைச் சேர்க்கவில்லை சுயம்பு. தப்பு செய்தவன் கடைசியில்தான் என்று சொல்லிவிட்டான். அதைக் கேட்ட அருளப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் மூடிக்கொண்டான்.

முதல் கல்யாணத்தைச் சுயம்பு தாமரை இல்லாமல், மயில் இல்லாமல், சுவிட்சர்லாந்து இல்லாமல் வெட்டினான். அதற்கு நேரமும் இல்லை, மனசும் இல்லை. மாலை மாற்றுவது, கெட்டிமேளம், தாலி, பந்தி, அவ்வளவுதான். மெஷின் அதைக் கோர்த்து எழுதத் தொடங்கியதும் திரையில் ஒரு நீலக்கோடு ஊர்ந்தது. கோடு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று வெளியே நின்றவர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால், சவுண்ட் சர்வீஸ்காரர் கோயில் மைக்கைக் கொண்டுவந்து கடைக்குள் வைத்துவிட்டார். நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது என்று சுயம்புவின் குரல் வேப்பமரத்து ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து ஊர் முழுக்கக் கேட்டது. நூறு என்று அவன் சொன்ன நொடியில், அடுத்த தெருவில் கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு ஒரு பெண் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். குலவைச் சத்தம் எழுந்தது. மண்டபத்தில் ஒரு மாப்பிள்ளை பாயைச் சுருட்டினான்.

தினம் இரண்டு கல்யாணம், சில நாள் மூன்று. பொழிகிற இதயங்களுக்குப் பின்னால் இத்தனை வருஷம் மறைந்து கிடந்த முகங்கள் இப்போது தெரிகின்றன என்று ஊர் சொல்லிக்கொண்டது. ஒருத்தி தன் கல்யாணத்தில் அப்பா தூணுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்ததை முதல் தடவையாகப் பார்த்துவிட்டு, வீடியோவை மறுபடி மறுபடி ஓடவிட்டாள்.

நாற்பதாவது கல்யாணம் முடிந்த மத்தியானம் சந்தனமாரி கடைக்கு வந்தாள். சுயம்பு வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பெண். மூன்று வருஷத்துக்கு முன்னால் கட்டிக்கொடுத்தார்கள், மூன்றே மாசத்தில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். புருஷன் வீட்டார் கூட்டிப்போக வருவதும் இவள் அடுக்களைக்குள் ஒளிவதுமாக இருந்தாள். வந்தவள் மேஜையில் ரொட்டி டின்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாத்தையும் திறங்கண்ணாச்சி. என்னுதை மட்டும் விட்டுருங்க. அன்னைக்குக் காலையில கழுத்துல அது இல்லன்னு பாத்ததும், மூணு வருஷத்துக்கப்புறம் நல்லா மூச்சு விட்டேன்."

 சுயம்பு டின்னிலிருந்து அவள் பெயர் எழுதிய காகிதத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தான். அவள் நாகர்கோவிலுக்கு ஆஸ்பத்திரி வேலை படிக்கப் போய்விட்டாள். மாப்பிள்ளை வீட்டார் நாலு பேரோடு வந்து எங்கள் கல்யாணம் எங்கே என்று கேட்டபோது, சுயம்பு அருளப்பனைப் பார்த்தான். அருளப்பன் கொஞ்சமும் முகம் மாறாமல், கார்டு கெட்டுப்போச்சு அண்ணாச்சி என்றான்.

எழுபதாவது கல்யாணம் நூறானபோது மண்டபத்தில் ஒரே ஒரு பாய்தான் மிச்சம் இருந்தது, அதையும் அந்த மாப்பிள்ளை எடுத்துக்கொண்டு ஓடினான். ஊர் பட்டாசு வெடித்தது. சுயம்பு மைக்கை அணைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் வளைகாப்புக் கார்டை எடு அருளு என்றான். அருளப்பன் எடுக்கவில்லை. டின் காலியாக இருந்தது. வளைகாப்பில் யாரும் தாலி கட்டவில்லையே, அதனால் அடுத்த வாரமே அழித்து வேறு கல்யாணத்துக்குப் போட்டுவிட்டதாகவும், முதல் நாளிலிருந்து சொல்ல வேண்டும் சொல்ல வேண்டும் என்று நினைத்து, உங்கள் முகத்தைப் பார்த்ததும் நாக்கு எழும்பவில்லை என்றும் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதான்.

சுயம்பு அவனைத் திட்டவில்லை. காவலை நிறுத்தியது அவன் இல்லையே. வெளியே வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, செருப்புப் போடாமல் வீட்டுக்கு நடந்தான். ஊருக்கெல்லாம் திறந்துவிட்டு, தன் பிள்ளையை மட்டும் உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டோம் என்பதே வழியெல்லாம் நினைப்பாக இருந்தது. கனகமணி முற்றத்தில் பலகையில் உட்கார்ந்து, கையை வயிற்றில் வைத்து உதை எண்ணிக்கொண்டிருந்தாள். கார்டு இல்லை என்று அவன் சொன்னான். அவள் கொஞ்ச நேரம் தாம்பாளத்து வளையல்களைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நீங்க எத்தனை பேரைச் சத்தம் போட்டீங்கன்னு நெனப்பிருக்கா?"

"எதுக்குச் சத்தம் போட்டேன்?"

"போனை இறக்குங்க, கேமராவை மறைக்காதீங்கன்னு. ஒருத்தியாவது இறக்குனாளா?"

சுயம்பு அவளையே பார்த்தான். பதினைந்து வருஷத் தொழிலில் அவன் வெறுத்தது ஒன்று உண்டென்றால், நல்ல நேரத்தில் தன் கேமராவுக்குக் குறுக்கே நீளுகிற செல்போன் கைகள்தான். அந்தக் கைகளை நினைத்து அவனுக்கு இப்போது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. திரும்பக் கடைக்கு ஓடி மைக்கைப் போட்டு, என் வீட்டு வளைகாப்பில் யாரெல்லாம் போனில் படம் எடுத்தீர்களோ, தயவுசெய்து கொண்டுவாருங்கள் தாய்மார்களே என்றான். ஆறு வருஷமாகக் கல்யாண வீட்டு மைக்கில் இதே பெண்களைப் போனை இறக்கச் சொன்னவன் அவன். அதைச் சொல்லிக்காட்டாமல் ஒருத்தியும் உள்ளே வரவில்லை.

நாற்பத்துமூன்று போன்கள் வந்தன. கண்ணாடி உடைந்த போன், ரப்பர் பேண்டு போட்ட போன், பிள்ளை விளையாடி மூலையில் கடித்து வைத்த போன். எல்லாம் நெட்டுக்குத்தலாக எடுத்தது, ஆடியது, பாதி படத்தில் யாருடையதோ கொண்டை. ஒருத்தி தான் வளையல் போடும்போது தன் முகத்தை மட்டும் எடுத்திருந்தாள். சுயம்பு எதையும் கழிக்கவில்லை. அரை நிமிஷம் அரை நிமிஷமாகக் கோர்த்தான். மூன்றாம் நாள் நீலக்கோடு ஓடியது, ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது, தொண்ணூற்றொன்பதில் போய்க் கோடு நின்றுவிட்டது.

எத்தனை தடவை ஓடவிட்டாலும் அங்கேயே நின்றது. என்ன குறைகிறது என்று கனகமணிக்குத்தான் தெரிந்தது. முதல் வளையலுக்கு முன்னால் புருஷன் வந்து கன்னத்தில் சந்தனம் பூச வேண்டும். பூசினான். ஆனால் அந்த நேரத்தில் பெண்கள் எல்லாரும் வளையலுக்காக வரிசையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள், யார் போனிலும் அது இல்லை. கேமராவில் அருளப்பன் எடுத்ததைக்கூட, சட்டையில் வேர்வை தெரிகிறது, கடைக்காரன் படத்தில் எதற்கு என்று அப்போதே வெட்டி எறிந்தவன் சுயம்புதான்.

மறுநாள் காலை நாகர்கோவில் பஸ்ஸிலிருந்து சந்தனமாரி இறங்கினாள். விஷயம் அவள் அம்மா மூலமாகப் போயிருந்தது. கடைக்குள் வந்து போனை நீட்டினாள்.

"வாழாவெட்டின்னு என்னை யாரும் முன்னால கூப்பிடலண்ணாச்சி. அதான் அடுக்களை வாசல்ல நின்னு எடுத்தேன்."

படம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. எல்லாருடைய முதுகும் தெரிந்தது. முதுகுகளுக்கு நடுவே சுயம்பு கேமராவை அருளப்பன் கையில் கொடுத்துவிட்டு, வேர்த்த சட்டையோடு குனிந்து, மனைவியின் இரண்டு கன்னத்திலும் சந்தனம் பூசினான்.  பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அவள் வயிற்றை ஒரு விரலால் தொட்டுவிட்டு விலகினான். எத்தனையோ கல்யாணங்களை எடுத்தவன், தன் கல்யாணத்துக்கு அப்புறம் தன்னைப் படத்தில் வெட்டாமல் விட்டுவைப்பது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு நிமிஷத்தை எடுத்து முன்னால் வைத்து, ஓடவிட்டு, மைக்கை மறந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எண்களைச் சந்தனமாரிதான் படித்தாள்.

நூறு என்று அவள் சொன்னதும் ஊர் குலவையிடவில்லை, காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. இரண்டு தெரு தாண்டிச் சுயம்பு வீட்டிலிருந்து வளையல் சத்தம் கேட்டது. கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டவள் சட்டென்று எழுந்து சுவரைப் பிடித்தால் எப்படிக் கேட்குமோ அப்படிக் கேட்டது. ஏங்க, வலிக்கு என்று கனகமணி கூப்பிட்ட குரல் அதற்குப் பின்னாலேயே வந்தது.

பிள்ளை மத்தியானத்துக்குள் பிறந்துவிட்டது. பெண். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, நாள் நிறைந்த பிள்ளை, பிறந்ததுமே ஊருக்குக் கேட்க அழுதது. சுயம்பு சுகாதார நிலையத்து நடையில் தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுது, பிறகு சிரித்தான். அருளப்பன் கேமராவைத் தூக்கியபோது, இன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல நினைத்து, எடு எடு, எல்லாத்தையும் எடு, கார்டை மட்டும் அழிச்சிராதே என்றான். பதினான்கு பிள்ளைகளின் காதுகுத்தையும் அந்த வாரத்திலேயே அம்மாக்களின் போன்களிலிருந்து எடுத்துத் திறந்துவிட்டான், பிள்ளைகள்தான் அழுதார்கள்.

வழக்கப்படி கனகமணி கையிலிருந்த வளையல்களைக் கழற்றிப் பிரசவம் பார்த்த ஸ்டெல்லாவுக்குக் கொடுத்தாள். பாதியைத் தனியாக எடுத்து, கதவோரம் நின்ற சந்தனமாரியை முன்னால் வா என்று கூப்பிட்டு, அவள் கையில் தானே போட்டுவிட்டாள். ஸ்டெல்லா தனக்கு வந்ததைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கர்ப்பிணி அட்டையை எடுத்து, முப்பது, முப்பது என்று பென்சிலால் எழுதிய வரிகளையெல்லாம் ரப்பரால் அழித்து, தூளை ஊதிவிட்டு, பேனா இருக்கிறதா என்று கேட்டார். சுயம்பு தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.